மூன்று ஆட்டுக்குக் குப்பி திறக்கமாட்டார்கள்

மார்ச் 4, செவ்வாய்

முதலில் ஒரு மன்னிப்பு. எழுதுவதற்கு நான் யார் என்ற கூச்சம் இன்னும் போகவில்லை. எங்கள் வீட்டில் பேனா எடுத்தால் பரீட்சை என்று அர்த்தம். பட்டம் வாங்கிய பிறகும் எழுதிக்கொண்டிருந்தால், "இன்னும் எதுல பாக்கி?" என்று அம்மா பயந்துவிடுவாள். அதனால் மருந்தகத்தில், சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன்.

கால்நடை மருந்தகத்தில் கணினி வேலை. தற்காலிகம். நேற்றுதான் சேர்ந்தேன். தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டி மூலையில் உறுமிக்கொண்டே இருக்கிறது. அதை ஒட்டி என் மேஜை. மேஜைக்கு ஒரு கால் குட்டை. கம்பவுண்டர் அண்ணன் காலி மருந்து அட்டையை மடித்து அடியில் வைத்துக் கொடுத்தார். முதல் நாளே எனக்காக ஒருவர் குனிந்தார். மறக்கக் கூடாது.

என்னைப் படிக்கவைத்தது அம்மாவின் ஆடுகள். நான் ஒரு வகுப்பு ஏறினால் ஓர் ஆடு சந்தைக்கு இறங்கும். மிச்சம் மூன்று. அதில் மகாராணி சினை. பக்கத்து ஊருக்கு ஆட்டுக்கொல்லி நோய் வந்துவிட்டதாம். மூக்கு ஒழுகி, கழிந்து, நாலைந்து நாளில் முடிந்துவிடும். வந்தபின் காப்பாற்றுவது கஷ்டம், வருமுன் ஊசி போட்டால்தான் உண்டு.

மார்ச் 5, புதன்

காலையில் கம்பவுண்டர் அண்ணன் மருந்தை ஐஸ் பெட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தார். "எங்கேண்ணா?"

"உங்க ஊருக்குத்தான். பால் சங்க வாசல்ல ஆட்டுக்கு முகாம். தெரியாதா?"

தெரியாது. அம்மாவைக் கூப்பிட்டேன். ஃபோன் வீட்டில் அடித்தது. அம்மா வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். தெருவில் எல்லா அம்மாக்களும் அங்கேதான்.

போன வாரமே குறுஞ்செய்தி போயிருக்கிறது, அப்பாவின் எண்ணுக்கு. பதிவில் அவர்தான் ஆட்டுக்குச் சொந்தக்காரர். அவரோ லாரியோடு எங்கேயோ. கேட்டால் சிரிக்கிறார். "லோன் வேணுமான்னு கேக்கறானுங்கன்னு அழிச்சுட்டேன் பாப்பா. மருந்தை வாங்கி வை, வந்ததும் நானே போட்டுடறேன்." பிறகு குரல் இறங்கியது. "அம்மா கோவமா இருக்காளா?"

முகாம் முடிந்து குப்பியில் பாதி மருந்து மிச்சம் வந்தது. கரைத்ததை வைத்திருக்க முடியாதாம். அழித்துவிட்டார்கள். பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பாதிக்குள் மகாராணியும் இருந்தாள் — வேறெப்படிச் சொல்ல?

மார்ச் 7, வெள்ளி

எங்கள் வீட்டுக்கு வந்து போடமுடியுமா என்று கம்பவுண்டர் அண்ணனிடம் கேட்டேவிட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"எத்தனை ஆடு?"

"மூணு."

"ஒருத்தனுக்குப் பசிக்குதுன்னு கல்யாணப் பந்தி போடுவாங்களாம்மா? ஒரு குப்பி நூறு ஆட்டுக்கு. கரைச்சா ரெண்டு மணி நேரத்துல முடிக்கணும். மூணு ஆட்டுக்குத் திறந்தா டாக்டர் என்னைக் கரைச்சிடுவார்."

முன்பொரு தடவை வீடு வீடாகவும் போய்ப் பார்த்தாராம். "எந்தப் பொம்பளையும் கதவைத் திறக்கல. அவர் வரட்டும், அவர் வரட்டும்னு உள்ளேருந்தே குரல். எந்த அவரும் வரல." கோபமில்லாமல்தான் சொன்னார்.

சாயங்காலம் தெருவில் நடந்து வந்தேன். இந்த வீட்டில் இரண்டு, அந்த வீட்டில் நாலு. எல்லாம் பெண்கள் வளர்ப்பது. ஒருத்தியிடம் பார்த்தால் மூன்றுதான். தெருவாகப் பார்த்தால் ஒரு குப்பி.

இது ஏன் எனக்கு முன்னாலேயே தோன்றவில்லை?

மார்ச் 10, திங்கள்

பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒலிபெருக்கி என்று பெயர். தெரு ஆட்டையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து ஊசி போடவைக்கலாம் என்று நான் தயங்கித் தயங்கிச் சொல்லி முடிக்கும்வரை வாயில் கை வைத்துக் கேட்டாள். "நீ வாயைத் திறந்ததே அதிசயம்டி. மிச்ச வாய்க்கு நான் இருக்கேன். எல்லாரும் வயல்லேருந்து வந்தப்புறம்னா சரி. தண்ணிக்குழாய் பக்கத்துலயே வெச்சுக்க. அங்க நிக்கறதுக்கு எவளும் எவனையும் கேக்கவேண்டாம்."

இனி டாக்டர் சம்மதிக்க வேண்டும்.

மார்ச் 11, செவ்வாய்

டாக்டர் மேஜை முன் நின்றேன். "என்னம்மா?" "ஒண்ணுமில்ல சார்." திரும்பிவிட்டேன். இன்னொரு தடவை போனேன். அதே "ஒண்ணுமில்ல சார்". என்னை நானே அறையலாம் போலிருந்தது.

கம்பவுண்டர் அண்ணன்தான், "சார், இந்தப் பொண்ணு ரெண்டு தடவை வந்து ஃபேனைப் பார்த்துட்டுப் போயிடுச்சு. என்னன்னு கேளுங்க" என்றார். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "நூறு ஆடு சேருமா?"

"சேரும் சார்." எந்தத் தைரியத்தில் சொன்னேன்?

"சாயங்காலம் யார் போறது?"

கம்பவுண்டர் அண்ணன் கூரையைப் பார்த்தார். "என் பொண்டாட்டி ஏன் லேட்டுன்னு கேட்டா நீங்கதான் சார் பதில் சொல்லணும்."

நல்ல மனிதர்கள் நடுவில் வந்து விழுந்திருக்கிறேன்.

மார்ச் 13, வியாழன்

கை இன்னும் ஆட்டுவாடை. கழுவ மனம் வரவில்லை.

குழாயடியில் ஒரே கத்தல், ஆடும் பெண்களும். ஊசி போட்ட ஆடு எது, போடாதது எது என்று குழம்பியபோது, ஒலிபெருக்கி அக்கா மகளின் நகச்சாயத்தைக் கொண்டுவந்து கொம்பில் தீட்டினாள். "பொண்ணு பார்க்க வர்றாங்க, அசையாம நில்லு!" கம்பவுண்டர் அண்ணனே சிரித்துவிட்டார்.

ஆனால் ஆடுகள் அறுபதைத் தாண்டவில்லை. குப்பி கரைத்தாயிற்று, நேரம் ஓடுகிறது. அம்மா இரண்டு ஆட்டோடு நிற்கிறாள். மகாராணி இல்லை.

"எங்கம்மா அவ?"

"வீட்டுல. வயித்துப்பிள்ளைக்காரிக்கு ஊசியெல்லாம் வேண்டாம்."

எல்லோரும் சினை ஆட்டைக் கட்டிவைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். முன்பொரு முகாமுக்குப் பிறகு இரண்டு ஆடு குட்டி போட்டுவிட்டதாம், காலத்துக்கு முன்னால். யாருக்காகம்மா இவ்வளவு தூரம் — அவளுக்காகத்தானே?

டாக்டருக்கு ஃபோன் செய்தேன். "சினைக்கும் போடலாம். ஓடவிடாம, மெதுவாப் பிடிக்கச் சொல்லு" என்றார்.

அப்போது கம்பவுண்டர் அண்ணன், எல்லோர் காதிலும் விழ, "அன்னிக்குக் கெடுத்தது மருந்து இல்லம்மா. நாங்க துரத்தின துரத்தல். பின்னங்காலைப் பிடிச்சு இழுத்தோம். இன்னிக்கு நான் ஆட்டைத் தொடமாட்டேன். நீங்களே பிடிச்சுக்கங்க. ஊசி மட்டும் என் வேலை" என்றார்.

அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சொன்னார்.

அம்மா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "நீ என்ன சொல்ற?"

ஆடு விஷயத்தில் அம்மா என்னைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

"போடலாம்மா. நான் கூடப் பிடிச்சுக்கறேன்."

போய் அழைத்துவந்தாள். இழுக்கவில்லை, பேசிக்கொண்டே கூட நடந்து வந்தாள். பின்னாலேயே மற்ற வீட்டுச் சினை ஆடுகளும். மகாராணியின் தலை என் மார்பில். அண்ணன் கழுத்துத்தோலை இரண்டு விரலால் தூக்கினார், அந்தக் கூடாரத்துக்குள் ஊசி. அவ்வளவுதான். அவள் வாயில் இருந்த இலை கீழே விழவில்லை.

குப்பி காலி. ஒரு சொட்டு வீணில்லை.

திரும்பும்போது கடைசி வீட்டு அண்ணி வாசலில் நின்றாள். மாமியார் படுத்த படுக்கை, விட்டு வரமுடியவில்லை. வீட்டில் ஆம்பளை இல்லாதபோது கம்பவுண்டரை உள்ளே கூப்பிடவும் முடியாது. "நீயே வந்து போட்டுட்டா என்னடி?" என்றாள்.

துப்பட்டா நுனியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதை எழுதும்போதும்.

மார்ச் 14, வெள்ளி

மகாராணி சாப்பிட்டாள். அம்மா என் தட்டில் இரண்டாம் தடவை கேட்காமலே போட்டாள்.

மார்ச் 28, வெள்ளி

நோய் எங்கள் ஊருக்கும் வந்துவிட்டது. கடைசி வீட்டு அண்ணியின் ஆடு ஒன்று போய்விட்டது. அவளைப் பார்க்கப் போனேன். "நீ என்ன செய்வே பாவம்" என்றாள். அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மகாராணிக்கு விடியும்போது இரண்டு குட்டி. நோய் எங்கள் தெருவைத் தாண்டிப் போய்விட்டது. நகச்சாயம் பூசிய கொம்பு ஒன்றுகூடக் குறையவில்லை. அப்பா ஃபோனில், "எனக்கு எந்த மெசேஜும் வரலையே?" என்றார். "இனிமே உங்களுக்கு வராது" என்றாள் அம்மா, பெரிய அதிகாரி மாதிரி. பதிவில் அவள் பெயரும் எண்ணும் ஏற்றியாயிற்று. அடுத்த முகாம் செய்தி அவளுக்கே வந்தது. என்னை மூன்று தடவை வாசிக்கவைத்தாள்.

மத்தியானம் டாக்டர் மேஜை முன் போய் நின்றேன். குட்டிகள் விஷயம் சொன்னேன், நன்றி சொன்னேன். "வேற ஏதாவது உண்டாம்மா?" என்றார். கம்பவுண்டர் அண்ணன் ஃபேனைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை.

"சார், தடுப்பூசி போடற பயிற்சிக்கு என்னை அனுப்புங்க. எங்க ஊர்ல ஒரு வீடு பாக்கி இருக்கு."