அக்கா, உன்னைக் கொன்றது அந்த அடி இல்லை

என் உயிரான அக்காவுக்கு,

உன் படத்தைத் திறந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பந்தல், மைக் செட், சாமந்தி மாலை எல்லாம் நீ மற்றவர் வீட்டுப் படத்திறப்புகளுக்கு முன்னால் நின்று செய்துகொடுத்த மாதிரியேதான் இருந்தன. மந்திரம் ஓதவும் யாரையும் கூப்பிடவில்லை. அதுவரைக்கும் உனக்குப் பிடித்திருக்கும்.

பிறகு விவசாயத் தொழிலாளர் சங்கத்துப் பேச்சாளர் எழுந்தார். நில உச்சவரம்புச் சட்டத்துக்குத் தப்பப் பண்ணையார் ஊர் பேர் தெரியாதவர்கள் பெயரில் எழுதி மறைத்த நிலத்தில் நீயும் உன் நடவு ஆட்களும் அறுவடைக்கு இறங்கிய கதையையும், பண்ணை ஆட்கள் உன் முதுகில் தடியால் அடித்ததையும் சொன்னார். "அன்னிக்கு விழுந்த அடிதான் இத்தன வருஷம் உள்ளயே இருந்து நம்ம தோழரக் கொன்னுடுச்சு" என்று முடித்தார். கூட்டம் கைதட்டியது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அடி பொய்யில்லை. அடித்தவன் ஒருவன்கூட ஜெயிலுக்குப் போகவில்லை. எந்த ஆட்சி வந்தாலும் நம் தெருவில் ஓட்டுக் கேட்க வந்தவர்கள் உன் முதுகைப் பற்றி உருக்கமாகப் பேசினார்கள், பட்டாதான் வரவில்லை. அந்த ஆத்திரம் எனக்கும் உண்டு. ஆனால் உன் முதுகெலும்பை அரித்தது தடியடி இல்லையே அக்கா. எலும்பு மஜ்ஜையில் வந்த புற்றுநோய்.

வலி வந்தபோதெல்லாம் நீ முதுகைத் தட்டிக் காட்டி, இது பண்ணை கொடுத்த சீர் என்று சிரிப்பாய். டாக்டரிடமும் அதையே சொன்னாய். அவர் என்ன வேலை என்று கேட்டார், நடவு என்றாய், தலையை ஆட்டி வலி மாத்திரை எழுதிவிட்டார். அடுத்தவரும் அப்படியே. நாளெல்லாம் குனிந்து நாற்று நட்டவளுக்கு முதுகு வலிக்கத்தான் செய்யும் என்பது எந்த ஊர் மருத்துவம்? ஒரு பண்ணை வீட்டம்மாவை இப்படித் தொடாமல் அனுப்பியிருப்பார்களா? கடைசியில் தஞ்சாவூரில் ரத்தத்தைச் சோதித்தபோது அந்தப் புற்றுநோயால் உன் சிறுநீரகம் முக்கால்வாசி போயிருந்தது.

புற்றுநோய்க்கான ஊசியை உன் வயிற்றுத் தோலில் முதலில் போட்ட அன்று, காலேஜில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறாய், இந்த ஊசி என்ன செய்யும் என்று கேட்டாய். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பீப்பாய் மாதிரி நிறைய இயந்திரங்கள் உண்டு, அதற்குப் பெயர் புரோட்டியசோம் என்றேன். செல்லில் ஒரு புரதம் கெட்டுப்போனாலோ, அதன் வேலை முடிந்தாலோ, அதன்மேல் சின்னச் சின்னப் புரதங்களைச் சங்கிலியாக ஒட்டிச் செல் அடையாளம் வைக்கும். அடையாளம் உள்ளதைப் பீப்பாய் பிரித்து உள்ளே இழுத்து, துண்டு துண்டாக வெட்டி வெளியே தள்ளும். அந்தத் துண்டுகளிலிருந்து செல் புதுப் புரதம் கட்டிக்கொள்ளும். எதுவும் வீண் போகாது.

"அடையாளத்தத் தப்பா ஒட்டிட்டா?" என்றாய். அதை எடுத்துவிடவும் உள்ளேயே ஆள் இருக்கிறது என்றேன்.

"எம்மேல நடவுக்காரின்னு ஒட்டினத எடுக்கத்தான் ஒருத்தரும் இல்ல" என்றாய்.

பேச்சை மாற்ற, ஊசியின் கதையைச் சொன்னேன். புற்றுநோய் பிடித்த அந்தச் செல்கள் ஓயாமல் புரதம் செய்துகொண்டே இருக்கும். கழிவும் அதே வேகத்தில் சேரும். மருந்து போய்ப் புரோட்டியசோமை அடைத்துவிட்டால் கழிவு வெளியேற வழியில்லாமல் செல் தன் குப்பையிலேயே மூச்சுத் திணறிச் செத்துப்போகும். நீ வாய்விட்டுச் சிரித்தாய். "குப்ப அள்றவங்க ஸ்டிரைக் பண்ணிட்டாங்கன்னு சொல்லு." நான் பல வருடம் பாடம் நடத்துகிறேன், எனக்கு இது தோன்றியதில்லை. அந்த வேலைநிறுத்தம் ஒரு வருடம் முன்னாலேயே தொடங்கியிருந்தால் நீ இன்று இருந்திருப்பாயோ என்னவோ.

படத்திறப்பில் கைதட்டல் அடங்கியபோது வசந்தாக்கா பந்தல் காலைப் பிடித்தபடி எழ முடியாமல் உட்கார்ந்திருந்தாள். அன்று உன்னோடு வயலில் இறங்கி இடுப்பில் அடி வாங்கியவள். தனக்கும் அந்த அடிதான், தானும் உன் வழியிலேயே போகப்போகிறேன் என்று பெருமையாகச் சொன்னாள். அப்போதுதான் நான் மைக்கை வாங்கினேன். என் அக்கா அடியால் சாகவில்லை, ரத்தத்தைச் சோதிக்காமல் மாத்திரை கொடுத்தே அனுப்பியதால் செத்தாள் என்றேன். பண்ணைக்கு வக்காலத்தா என்று கேட்டார் பேச்சாளர். என்னைப் பார்த்து, உன் தங்கையைப் பார்த்து!

வசந்தாக்காவுக்கும் கோபம். மறுநாள் மருத்துவமனைக்குக் கூப்பிடப் போனால் கதவருகிலேயே நிறுத்திவிட்டாள். "நெலந்தான் கெடைக்கல. அந்த அடியையும் எங்கிட்டேருந்து புடுங்கப் பாக்குறியா மலரு?"

ஆனாலும் தினமும் போனேன். என் தொல்லை தாங்காமல் ஒருநாள் கிளம்பினாள். தஞ்சாவூரில் டாக்டர் வயல் வேலையா என்று ஆரம்பித்தார். ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேவும் எழுதித் தரும்வரை நாற்காலியைவிட்டு நான் எழவில்லை.

அக்கா, அவளுக்கு உன் நோய் இல்லை. ரத்தம் சுத்தமாக இருக்கிறது. இடுப்பெலும்பில் பழைய முறிவு ஒன்று, கோணலாகக் கூடியிருக்கிறது, பலத்த அடி பட்டிருக்க வேண்டும் என்றார் டாக்டர். வசந்தாக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இத்தன வருஷத்துல எந்தக் கோர்ட்டும் ஒத்துக்கல. இப்ப ருசு ஆயிடுச்சு பாத்தியா?"

நான் சிரித்தேன், பிறகு அங்கேயே அழுதுவிட்டேன். அவளுக்கு வலி எதனால் என்று தெரிந்துவிட்டது. உனக்குத் தெரிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

உன் நடவு ஆட்களில் மிச்சமிருப்பவர்கள் ஒவ்வொருவரையும் நானே கூட்டிக்கொண்டு போவேன். சோதித்துப் பார்த்த பிறகு அது அடிதான் என்று சொல்லட்டும், நானும் கூடச் சேர்ந்து சொல்வேன். பார்க்காமல் சொல்ல இனி ஒருவரையும் விடமாட்டேன்.

கோபம் ஆறாத உன் தங்கை,
மலர்