கண்ணித் தடம் இல்லை

மேலப்பண்ணை,
2-12-1974

அன்பு மகள் ஞானாம்பாளுக்கு,

அப்பாவின் ஆசீர்வாதம். வேதாரண்யம் மாட்டாஸ்பத்திரியில் டாக்டராகச் சேர்ந்த பிறகு நீ வீட்டுப் பக்கமே வரவில்லையென்று அம்மாவுக்குக் குறை.

நம் குத்தகைக்காரன் பக்கிரி, நிலத்துக்குக் குத்தகைதாரன் என்று தன் பேரைப் பதியச் சொல்லித் தாலுகா ஆபீசில் மனு கொடுத்திருக்கிறான். அவன் பெண்டாட்டி ராசம்மாள் உன்னிடம் கொண்டுவந்த வெளிமான், அவன் வைத்த கண்ணியில் அடிபட்டது. அப்படியே சர்டிபிகேட் எழுதிவிடு. மான் வேட்டைக்கு இப்போது ஜெயில்தான், மற்றதைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும்.

சாரங்கபாணி

வேதாரண்யம்,
5-12-1974

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். அம்மாவின் குறை நியாயம்தான்.

ராசம்மாள் வண்டியில் வைக்கோல் பரப்பி, மானின் கண்ணைத் துணியால் மூடிக் கொண்டுவந்தாள். "டாக்டரம்மா, எழுந்திரிக்கவே மாட்டேங்குது. காலு ரெண்டும் கட்டையா இருக்கு" என்றாள். தடவிப் பார்த்தேன். எலும்பு முறியவில்லை. தோலில் கண்ணி அறுத்த தடம் இல்லை. இரண்டு தொடைகளும் கல்லாக இறுகியிருக்கின்றன. சிறுநீர் காப்பி நிறம். வெகுதூரம் விடாமல் விரட்டியதில் தசை உள்ளேயே சிதைந்திருக்கிறது. அதைத்தான் எழுதுவேன்.

ஜீப்பில் விரட்டியது அண்ணன் துரைக்கண்ணு என்று ஊரே சொல்கிறது. நீங்கள் ஏன் சொல்லவில்லை?

ஞானாம்பாள்

மேலப்பண்ணை,
9-12-1974

ஞானாம்பாளுக்கு,

மாட்டு டாக்டருக்கு மான் தொடையைப் பற்றி என்ன தெரியும்? அண்ணன் விளையாட்டாக ஓட்டினான். அதற்கு ஜெயிலா? இந்த ஆட்சி வந்ததிலிருந்து குத்தகைக்காரனெல்லாம் சட்டம் பேசுகிறான், நீயுமா? உன்னை ராமநாதபுரத்துக்கு மாற்ற எனக்கு ஒரு நாள் போதும். நான் சொன்னபடி எழுதாவிட்டால் பொங்கலுக்கு இந்த வாசலை மிதிக்காதே.

சாரங்கபாணி

வேதாரண்யம்,
20-12-1974

அப்பாவுக்கு,

அறையை இருட்டாக்கி, சாக்கில் தூளி கட்டி மானை அதில் தாங்கலாக நிறுத்தினேன். சலைன் ஏற்றினேன். ஆள் கை பட்டாலே பயத்தில் தசை இன்னும் கெடும். அதனால் வேளைக்கு ஒருமுறை மட்டும் போய்க் கால்களை மெல்ல மடக்கி நீட்டினேன். ஏழாம் நாள் சிறுநீர் தெளிந்தது. நேற்றுத் தூளியை அவிழ்த்தேன். விழுந்தது. தானே எழுந்தது. கிட்டப் போனால் முட்ட வருகிறது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

சர்டிபிகேட்டில் பார்த்ததை எழுதி அனுப்பிவிட்டேன். பக்கிரி மேல் கேஸ் இல்லை. விரட்டிய ஜீப்பின் நம்பரை அவர் குறித்து வைத்திருந்தார். அதைக் காட்டி, யாருடையது தெரியுமா என்று விசாரிக்க வந்த வனத்துறை அதிகாரி கேட்டார். "எங்க வீட்டு ஜீப்புங்க" என்றேன். அண்ணனுக்குச் சம்மன் வரும். மாற்றல் உத்தரவையும் அனுப்பச் சொல்லுங்கள். ராமநாதபுரத்திலும் காயம்பட்ட பிராணிகள் இருக்கும்.

பொங்கலுக்கு உங்கள் வாசலை மிதிக்க மாட்டேன். ராசம்மாள் கூப்பிட்டிருக்கிறாள். அவள் வீட்டுக்கு நம் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். பட்டப்பகலில் நடந்தே போவேன். அம்மாவை வாசலில் நிற்கச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்
ஞானாம்பாள்