சுவருக்குள் போன அட்வான்ஸ்

அக்கா,

இன்று காலை நைட் ஷிப்ட் முடிந்து வந்தபோது தெருமுனையிலேயே வெல்டிங் நாற்றம் அடித்தது. கருகிய இரும்பு, அதன் மேல் சிவப்பு பெயின்ட். உன் கட்டடத்தின் படிக்கட்டுக்குக் கைப்பிடி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஏலத்தில் எடுத்த புது ஓனர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே வேலை வாங்கினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த டீயைப் பிடுங்கி அவர் மூஞ்சியில் ஊற்றியிருப்பேன். அவர் என்ன செய்தார், பாவம். நீ செய்ய வேண்டியதை அவர் செய்கிறார், அவ்வளவுதான். இந்தக் கைப்பிடியை நீ அன்றைக்கே வைத்திருந்தால் நான் உனக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்காது. கூப்பிட்டால் நீயே வந்து நின்றிருப்பாய்.

"அட்த்த மாசம் போட்டுக்கலாம்டி." கைப்பிடியைப் பற்றி எப்போது கேட்டாலும் இதுதான் உன் பதில்.

உன்னை நான் முதலில் பார்த்ததே ஒரு சண்டையில்தான். விளாத்திகுளத்திலிருந்து கம்பெனி வேலைக்காகப் பையும் கையுமாக வந்து ஒரகடத்தில் இறங்கி, ரூம் தேடி வடக்குப்பட்டுப் பக்கம் நடந்து வந்தேன். என் காலடியில் ஒரு அடுப்பு வந்து விழுந்தது. பின்னாலேயே தலையணை, வாளி, ஒற்றைச் செருப்பு. நிமிர்ந்தால் மாடியில் நீ, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு. குடித்துவிட்டு வந்து பக்கத்து ரூம் பெண்ணின் கதவை உதைத்த ஒருவனைச் சட்டையோடு பிடித்துப் படிவரை தள்ளிக்கொண்டு வந்தாய். அவன் உன்னைவிட ஒரு முழம் உயரம். "நீயா எறங்குறியா, நான் எறக்கி வுடட்டா?" என்றாய். அவன் ஓடிப்போனதும் அதே மூச்சில் என்னைப் பார்த்துக் கேட்டாய்: "ரூமா? இப்பத்தான் ஒண்ணு காலியாச்சி. வா."

பெண்களுக்கு இனி கீழ்த்தளம்தான் என்று எனக்கு அங்கே ஓர் அறை கொடுத்தாய். நான் நீங்க, வாங்க என்று பேசியதற்கும் திட்டு விழுந்தது. "இன்னா நீங்க, வாங்க? நான் இன்னா சூப்ரவைசரா?" அன்றிலிருந்து நீ எனக்கு நீதான். நான் லைனில் நின்று ஸ்க்ரூ முடுக்கிவிட்டு வந்தால் எனக்கென்று எடுத்து வைத்த குழம்பு இருக்கும். என் அம்மா போனில் ஒருநாள் பேசாவிட்டாலும் தெரியாது. நீ ஒருவேளை திட்டாவிட்டால் எனக்கு என்னவோ போல இருக்கும்.

மாமா செத்த பிறகு உனக்கென்று மிஞ்சியது பக்கத்துத் தெருவில் உன் வீடும், இங்கே ஒரு காலி மனையும்தான். இரண்டையும் பைனான்ஸில் அடகு வைத்துத்தான் வாடகைக்கு அறைகள் கட்டினாய். கீழ்த்தளம் நிரம்பியது. முதல் வாடகையை வல்லக்கோட்டை முருகன் உண்டியலில் போட்டுவிட்டு வந்தாய். அதோடு நின்றிருக்கலாம். கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு காண்ட்ராக்டர் வந்து, தன் ஆட்களுக்கு ஒரு மாடி முழுக்க வேண்டும் என்றான். மொத்த மாடிக்கும் பத்து மாத வாடகை அட்வான்ஸ். அந்தப் பணத்தை நீ கையில் வைத்திருக்கவில்லை. அப்படியே செங்கல்லும் சிமென்டுமாக மாற்றி அதற்கு மேல் இன்னொரு மாடியை எழுப்பினாய். போதாததற்கு அதே பைனான்ஸில் மறுபடியும் கடன்.

நீ மட்டுமா? இருங்காட்டுக்கோட்டை வரைக்கும் ரூம் கட்டி விட்டவர்கள் எல்லோருக்கும் அதுதான் பழக்கம். புதிதாக வருகிறவனிடம் வாங்கி, காலி செய்கிறவனுக்குக் கொடுப்பது. தன் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போவதாக அவன் நினைத்துக்கொள்வான். உண்மையில் அது அடுத்தவன் பணம்.

ஒருநாள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். அடுத்த மாடிக்கென்று நீ விட்டிருந்த கம்பிகள் ஆள் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தன. அதில் ஒன்றில்தான் கொடி கட்டியிருந்தாய். நான் கேட்டேன்: "ஏக்கா, எல்லாவனும் ஒரே நாள்ல காலி பண்ணிட்டா என்ன செய்வ?"

நீ வாய்விட்டுச் சிரித்தாய். "அது எப்டிடி எல்லாரும் போவான்? கம்பெனி கீது, ஆளு வந்துகினேதான் இருப்பான். ஒருத்தன் போனா ரெண்டு பேரு வருவான். அட்வான்ஸு கடனே இல்லடி. அது நம்ம துட்டு."

அக்கா, அந்த ஒரு வாக்கியத்துக்காக உன்னை இன்றைக்கும் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கிறது.

கம்பெனியில் ஒரு லைனை நிறுத்தினார்கள். ஓ.டி. போனது, பிறகு செகண்ட் ஷிப்டே போனது. காண்ட்ராக்ட் ஆட்களை கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள். காண்ட்ராக்டர் அத்தனை பேரையும் ஓசூருக்கு அழைத்துப்போவதாகச் சொல்லி மொத்த அட்வான்ஸையும் கேட்டான். ரூம் கேட்டு ஒரு ஈ காக்கா வரவில்லை. மாதத் தவணை மட்டும் தவறாமல் வந்தது.

பைனான்ஸ் ஆட்கள் உன் வீட்டு வாசலிலேயே பைக்கைப் போட்டு உட்கார்ந்தார்கள். ஒருவன் காலேஜிலிருந்து வந்த உன் மகளை மேலும் கீழும் பார்த்து, தவணை கட்ட இன்னொரு வழி இருக்கிறதே என்றான். நீ சோறு வடித்துக்கொண்டிருந்தாய். கொதிக்கிற கஞ்சியோடு வெளியே வந்து அவன் காலிலேயே கொட்டினாய். அவன் அலறிக்கொண்டு தெருவில் உருண்டான். பார்த்த எனக்கு அன்று பயமே வரவில்லை, உள்ளுக்குள் குளிர்ந்தது. அன்றைக்கு ராத்திரி உன் வீட்டு ஜன்னலில் ஒரு கண்ணாடிகூட மிஞ்சவில்லை.

காண்ட்ராக்டரிடமும் அதே வேகம்தான். அவன் போன் செய்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். "உன் துட்டு என்னாண்ட இல்லடா. செவுத்துல கீது. வேணும்னா வந்து இடிச்சி எடுத்துக்கோ!"

வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். அவன் வரவில்லை, ஆட்களை அனுப்பினான். யாரோ ரவுடிகள் என்றால்கூட மனது ஆறியிருக்கும். மாடியில் குடியிருந்த அதே பையன்கள், அக்கா. பொங்கலுக்கு உன் கையால் சாப்பிட்டவர்கள். அந்த அட்வான்ஸை அவர்கள் சம்பளத்தில்தான் பிடித்திருந்தான் காண்ட்ராக்டர், அதை நீயும் மறந்துவிட்டாய். கையில் சுத்தியலும் உளியும். கதவுகளை நிலையோடு பெயர்த்தார்கள். ஜன்னல், மின்விசிறி, குழாய், மோட்டார் என்று ஒவ்வொன்றாகக் கீழே நின்ற மினி லாரியில் ஏற்றினார்கள். உடைந்த குழாயிலிருந்து தண்ணீர் பீறிட்டுப் படியெல்லாம் ஓடியது. என் ஊர்க்காரன் ஒருவன் கழிவறைக் கதவைத் தோளில் சுமந்து இறங்கிக்கொண்டே அழுதான். "எங்க காசுக்கா, வேற எப்படி வாங்க?" என்று என்னிடம் கேட்டான்.

நீ கடப்பாரையோடு வந்தாய். தலைமுடி அவிழ்ந்து, காலில் செருப்பில்லாமல். முதல் வீச்சில் ஒருவன் தோள் இறங்கியது. இரண்டாவது சுவரில் பட்டு காரை தெறித்தது. "என் வூட்ட அடகு வெச்சி கட்னதுடா இது! என் வூட்ட!" என்று நீ போட்ட சத்தம் பஸ் ஸ்டாப்புக்குக் கேட்டதாம். பையன்கள் பின்வாங்கினார்கள். ஒருவனும் உன்னைத் தொடவில்லை. போலீஸில் நான் அதைத்தான் சொன்னேன், கோர்ட்டிலும் அதைத்தான் சொல்வேன். நான் "போதும்க்கா, போட்டும், விடுக்கா" என்று கத்திக்கொண்டே இரண்டாம் மாடிப் படியில் உன் பின்னால் வந்து கடப்பாரையைப் பிடித்தேன். நீ என்னைப் பார்க்கவே இல்லை. உதறினாய். என் வலது மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அந்த வீச்சின் வேகத்தில் நீ ஈரப்படியில் திரும்பினாய். சாய்ந்து பிடிக்க அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை, வெறும் காற்று. நான் முறிந்த கையைத்தான் நீட்டினேன். உன் முந்தானை விரலில் பட்டது. அது நிற்கவில்லை.

கீழே அடுக்கி வைத்திருந்த கதவுகள் மேல்தான் விழுந்தாய். லாரியில் ஏற்றியதையெல்லாம் பையன்கள் அப்படியே போட்டுவிட்டு உன்னைத்தான் அதில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி போகுமுன்பே நீ போய்விட்டாய்.

பைனான்ஸ்காரர்கள் வீட்டையும் கட்டடத்தையும் சேர்த்தே ஏலம் விட்டார்கள். உன் வீட்டை இடித்து இப்போது லாரி நிறுத்துகிறார்கள். உன் மகள் என்னோடு இதே கீழ்த்தள அறையில்தான் இருக்கிறாள். காலேஜை விட்டுவிட்டாள். கம்பெனியில் மறுபடி எல்லா ஷிப்டும் ஓடுகிறது, நான் நின்ற லைனில் இப்போது அவள் நிற்கிறாள். என் கையால் முடுக்க முடியாது என்று என்னைப் பேக்கிங்கில் போட்டுவிட்டார்கள்.

நான் இந்தக் கடிதத்தைத் தொடங்கியபோது கதவைத் தட்டிக்கொண்டு புது ஓனர் வந்தார். "பாத்தீங்களா, படிக்கட்டுக்குக் கைப்பிடி போட்டாச்சி. செலவு ஜாஸ்தி. எல்லாரும் அட்வான்ஸு கொஞ்சம் ஏத்திக் குடுக்கணும்" என்றார். உன் மகள் தலை சீவிக்கொண்டிருந்தவள் சீப்போடு எழுந்து வந்தாள்.

"எதுக்கு? மேல இன்னொரு மாடி கட்டவா?"

அவர் கண் தானாக மேலே போனது, உன் கம்பிகள் இன்னும் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்துக்கு. அவள் கதவைச் சாத்தினாள். உன்னைப் போலத்தான், நிலை அதிர.

மதியம் துணி எடுக்க மாடிக்குப் போனேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் என் வலது கை எப்போதும்போல அந்தப் பக்கம் நீண்டது. தினமும் நீளும். நான் நீட்டுவதில்லை, அதுவாகவே போகும், பிடிக்க. இன்று கைப்பிடிக் கம்பியில் இடித்தது. கையெல்லாம் சிவப்பு பெயின்ட், அக்கா. காயவே இல்லை.