நெஞ்சில ஒண்டுமில்லை

கமலாசனி,

நான் வயல் கொட்டிலுக்குப் போறன். நேற்று எக்ஸ்ரே படத்தை யன்னலில் பிடித்து, "பாரும், நெஞ்சில ஒண்டுமில்லை, பேரனை நான்தான் முதலில் தூக்குவன்" என்று உம்மோடு சண்டை பிடித்தனான் எல்லோ. இண்டைக்கு நீர் சந்தைக்குப் போன கையோடு டொக்டர் போன் எடுத்தவர். தொடக்கத்தில் படம் சுத்தமாகவும் இருக்குமாம். மூக்கில் எடுத்த சோதனையில் வைரஸ் இருக்காம். டொக்டருக்குப் படிக்காமலே நீர் நேற்று அதைத்தான் சொன்னனீர்.

பயப்பட வேண்டாம், இருமல் மட்டும்தான். மூச்சு முட்டினால் போன் எடுப்பன்.

மகள் மத்தியானம் பிள்ளையோடு வந்திடுவாள். என் தலையணை உறையைச் சுடுதண்ணியில் போடும். சோற்றை வரம்பில் வைத்துவிட்டுக் கூப்பிடும். மீன் பொரித்தால் எனக்கும் ஒரு துண்டு.

பின்னேரம் பேரனை வேலிப் படலையடிக்குத் தூக்கி வாரும்.

மறந்திட்டன்: வயலுக்குள் நின்று கையாட்டுறது வைக்கோல் வெருளி இல்லை, அம்மப்பா என்று அவனுக்குச் சொல்லும்.