டயர் வாங்கி அனுப்ப வேண்டாம்

கிளாவரை,
ஐப்பசி முதல் வெள்ளி.

அன்பு மகன் கோகுல்ராஜுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மாடு கன்றும் இருக்கிறோம். நலம் என்று முழுசாக எழுதக் கை வரவில்லை, ஆனாலும் நீ பதறும்படி இப்போது ஒன்றும் இல்லை. புனேயில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, மழையில் நனையாமல், உடம்பைப் பார்த்துக்கொண்டு நல்லபடியாக இருக்க பூம்பாறை வேலப்பர் துணை இருக்கட்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார். ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். நான் வாயைத் திறக்கும் முன்னால், டயர் இன்னும் கெடைக்கலப்பா என்று அவரே ஆரம்பித்துவிடுகிறார். அதனால்தான் என் எட்டாங்கிளாஸ் எழுத்தைத் தூசி தட்டி எடுத்திருக்கிறேன். கீழ்வீட்டுத் தாரணி, அட்டுவம்பட்டியில் காலேஜ் படிக்கிறாளே, அவள், எழுதிக் கொடுங்க அத்தை, போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பிர்றேன் என்றாள். போட்டோ எடுக்கிறவள் படிக்காமலா எடுப்பாள். கவரைச் சோற்றுப் பருக்கை வைத்து நன்றாக ஒட்டி, தபாலில் போடுவதற்கு மட்டும்தான் அவளிடம் கொடுக்கப் போகிறேன். ஒட்டின இடம் பிரிந்திருந்தால் எனக்குச் சொல்.

போன மாதம் நீ சின்ன டிராக்டரின் பின் டயர் என்ன அளவு என்று கேட்டாய். அங்கே பழைய வண்டிச் சாமான் விற்கிற இடம் இருக்கிறது, ரிம்மும் டயருமாக வாங்கி லாரியில் போட்டுவிடுகிறேன் என்றாய். நேற்றும் கேட்டாய். அப்பா, எழுத்தெல்லாம் தேஞ்சு போச்சுப்பா, ஒண்ணுந் தெரியல என்று சொல்லிவிட்டார். தரையில் பதிகிற பட்டன் தேயும், தரையில் படாத பக்கவாட்டில் இருக்கிற எழுத்து எப்படித் தேயும். நீ முதலில் கேட்ட அன்றே, அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன நேரம், நான் விபூதியைக் குழைத்துக்கொண்டுபோய் டயரில் தேய்த்துப் பார்த்தேன். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் பட்டை போடுகிற அதே இடம். வெள்ளை வெளேரென்று எழும்பி வந்தது. எட்டு, நடுவில் ஒரு கோடு, பதினெட்டு. ஒரு தாளில் எழுதி உனக்கென்று எடுத்து வைத்தேன். ஆனாலும் நீ டயர் வாங்கி அனுப்ப வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், பாதியில் நிறுத்திவிட்டுப் போன் போடாமல் முழுக்கப் படி.

வைகாசியில் மேல்காட்டில் வண்டி பின்னால் சறுக்கிக் கல்கட்டில் இடித்தது உனக்குத் தெரியும். ரிம் வளைந்து டயரும் கிழிந்துவிட்டது. பட்டன் வழுவழுவென்று ஆகிவிட்டது, ஈர மண்ணில் பிடிக்கவில்லை என்று அப்பா சொன்னார். எல்லோரும் நம்பினோம். அதிலிருந்து டயர் தேடுகிறேன் டயர் தேடுகிறேன் என்று வாரத்துக்கு ஒரு தடவை வெள்ளனே பஸ் ஏறிப் போய்விடுவார். வத்தலக்குண்டில் ஒரு கடைக்காரர், இந்த அளவெல்லாம் இப்ப வர்றதில்லீங்க, பெரிய சக்கரமா மாத்திக்கோங்க என்றாராம். பெரிய சக்கரம் மாட்டினால் நம் படிக்கட்டுக் காட்டில் வண்டி திரும்புமா, கல்கட்டிலேயே போய் நிற்கும். கடையில் விற்காமல் கிடப்பதை நம் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று நினைத்தேன். அப்புறம் காய்கறி லாரி வைத்திருக்கிற வேலப்பன் அடிக்கடி வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பானெட்டைத் தட்டிப் பார்த்து, சும்மாதானே கெடக்கு, குடுத்துர வேண்டியதுதானே என்றான். டயர் கிடைக்காமல் செய்து வண்டியைப் பழைய இரும்பு விலைக்கு அமுக்கப் பார்க்கிறான் என்று அவன்மேல் சந்தேகம். நாயுடுபுரத்து மெக்கானிக் ஜெயமுருகன்மேல் அதைவிடப் பெரிய சந்தேகம். அவன்தான் தேடித் தருகிறேன் என்று ஏற்றுக்கொண்டவன். கேட்கும்போதெல்லாம் அடுத்த வாரம் என்றே சொல்லிக்கொண்டிருந்தான். அவனும் வேலப்பனும் ஒரே டீக்கடையில் உட்காருகிறவர்கள். இதற்கு மேல் நான் என்ன நினைப்பது.

ஆவணியும் போய்விட்டது. மழை நின்ற ஈரத்தில் உழுதால்தான் பூண்டு ஊன்ற முடியும். மேல்காடு புல் மண்டிக் கிடந்தது. அப்பாவோ கவலையே இல்லாதவர் மாதிரி, இந்தப் போகம் கெடந்துட்டுப் போகட்டும் என்றார். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை. இன்னொன்றும் பார். கொஞ்ச காலமாகத் தூங்கும்போதுகூட சாக்ஸைக் கழற்றுவதில்லை. கேட்டால் குளிருது என்பார். இதே ஊரில் பிறந்து, உறைபனியில் மேல்துண்டு மட்டும் போர்த்திக்கொண்டு கேரட் கழுவின மனுஷருக்கு இப்போது புதுசாக என்ன குளிர். அவருக்கும் எங்கேயோ ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. உன்னையும் சந்தேகப்பட்டேன், மறைக்கவில்லை. நீயும் அவருமாகப் பேசி, காட்டையும் வண்டியையும் விற்றுவிட்டு எங்களைப் புனேக்குக் கூப்பிட்டுக்கொள்ளத் திட்டம் போட்டிருக்கிறீர்களோ, டயர் கேட்டதெல்லாம் எனக்காகப் போட்ட நாடகமோ என்று ஒரு வாரம் உன்னிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. உனக்கு அது தெரிந்ததோ இல்லையோ.

மிக்ஸி பிளேடு மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு நானே நாயுடுபுரம் போனேன். ஜெயமுருகன் கடைக்குள் சொல்லாமல் கொள்ளாமல் நுழைந்தேன். பின்சுவரை ஒட்டி ஒரு ஜோடி சக்கரம், ரிம் புது பெயின்ட், டயரில் பட்டன் ஒவ்வொன்றும் என் விரல் உயரம். மேலே சாக்குப் போட்டு மூடியிருந்தது. சாக்கை விலக்கினால் எட்டு கோடு பதினெட்டு. ரிம்மில் கிளாவரை மணியன் என்று சாக்பீஸால் உன் அப்பா பெயர். எங்க பொருளை ஒளிச்சு வச்சுக்கிட்டு அடுத்த வாரம் அடுத்த வாரம்னு எங்களைக் காய வைக்கிறியாடா என்று கேட்டுவிட்டேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டு, அக்கா, ஆடியிலயே வந்துருச்சு, அண்ணந்தான் நான் சொல்ற வரைக்கும் ஊருக்குள்ள கொண்டு வராத, யாருட்டயும் மூச்சு விடாதன்னு சொல்லிட்டாங்க, எனக்கே ஏன்னு வெளங்கல என்றான். நான் நம்பவில்லை. அவர் கையெழுத்தா என்று ரிம்மைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். மணியனில் ணி போடுகிற சுழி அவருடையதுதான்.

வீட்டுக்கு வந்து நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு பொய் வரும். ஆயுத பூஜைக்கு முதல் நாள் அப்பா மன்னவனூர் போயிருந்த நேரமாகப் பார்த்து, ஜெயமுருகனையே சக்கரத்தைக் கொண்டுவரச் சொல்லி, மாட்ட வைத்துவிட்டேன். அவர் திரும்பி வந்து பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கை கால் கழுவாமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாள் குளித்து, வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தேன். அறுத்துக் குங்குமம் தடவின பழம். வேலப்பன் வந்து நின்றான், நம் காட்டு வேலைக்கு வருகிற இருளாயி வந்தாள், தாரணி போனைத் தூக்கிக்கொண்டு வீடியோ எடுக்க நின்றாள். ஏறி எடுங்க என்றேன். அப்பா ஏறவில்லை. கழுவின வண்டி, ஈரத்தோட எதுக்கு என்று ஏதோ சொன்னார். அப்புறம் கூட்டம் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, பழத்தை ஒவ்வொன்றாகக் கீழிருந்து இழுத்து இழுத்துத் தன் வெறுங்காலால் மிதித்தார். நசுங்குனாச் சரிதானே, சக்கரம் மிதிச்சா என்ன, நான் மிதிச்சா என்ன என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நல்ல நாளில் சபையில் வைத்து என்னைப் பழி வாங்குகிறார் என்றுதான் நினைத்தேன்.

கூட்டம் கலைந்ததும் வாசலைக் கூட்டப் போனேன். எலுமிச்சைத் தோலெல்லாம் சிவப்பாக இருந்தது. குங்குமம்தானே என்று கூட்டித் தள்ளினேன். அதே சிவப்பு வாசலிலிருந்து வீட்டுக்குள்ளேயும் போயிருந்தது, ஒரு கால் தடம் மட்டும், வலது கால் தடம் மட்டும். குங்குமம் அவ்வளவு தூரம் ஒட்டிக்கொண்டு வராதே என்று விரலால் தொட்டுப் பார்த்தேன். பிசுபிசுப்பு. கோகுலு, அது ரத்தம். உள்ளே ஓடினால் அவர் கட்டிலில் உட்கார்ந்து சாக்ஸ் மாட்டிக்கொண்டிருக்கிறார். பிடுங்கிப் போட்டுவிட்டுக் காலைத் திருப்பினேன். பெருவிரலுக்குக் கீழே வேலிக்கம்பித் துண்டு ஒன்று குத்தி உடைந்து உள்ளேயே இருந்தது. புதுசு இல்லை, சுற்றிலும் கறுத்துவிட்டது. அந்தப் புண்ணோடுதான் எலுமிச்சம்பழத்தை மிதித்திருக்கிறார். நகக்கண்ணில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு பட்டாலே நமக்கு உயிர் போகும். அவருக்கு எரியவே இல்லை. நான் அழுகிறதைப் பார்த்த பிறகுதான் காலைக் குனிந்து பார்த்தார்.

அப்போதுதான் வாயைத் திறந்தார். வைகாசியில் வழுக்கினது டயர் இல்லையாம். பிரேக்க மிதிச்சுட்டேன்னு நெனச்சேன் காளி, மிதிக்கவே இல்ல, காலு எங்க இருக்குன்னே தெரியல, பின்னால இருளாயி குனிஞ்சு களை எடுத்துக்கிட்டு இருந்தா, அந்தக் கல்கட்டு இல்லேன்னா இன்னைக்கு அவ இல்ல என்றார். சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தவர்தான், அதையும் பாதி நாள் விட்டிருக்கிறார். கால் மரத்துப்போனதைச் சாக்ஸ் போட்டு எல்லோரிடமும் மறைத்துவிட்டு, பழியை டயர்மேல் போட்டு, டயர் கிடைத்ததும் அதையும் மறைத்து, கிடைக்காத டயரைத் தேடி ஊர் ஊராகப் போயிருக்கிறார். எங்கே போனார் தெரியுமா. கொடைக்கானல் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்துவிட்டு சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவாராம். வண்டி ஓட்ட முடியாதென்று உனக்குத் தெரிந்தால் நீ வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவாய் என்று பயம். ஏலே வந்துராதன்னு சொல்லக்கூட எனக்கு வாய் வரலயே என்றார். நான் யார் யாரையோ சந்தேகப்பட்டேன். பக்கத்தில் படுத்திருந்தவர் பயந்துபோய்க் கிடந்தது எனக்குத் தெரியவில்லை. அதுதான் மனசை அறுக்கிறது.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கம்பியை எடுத்தாயிற்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்றுகிறோம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் விரலை எடுத்திருப்போம் என்று டாக்டர் அம்மா சொன்னார்கள். கால் தப்பித்தது, ஆனால் இனி ஒரு அடிகூட வெறுங்காலோடு வைக்கக் கூடாதாம். மேல்காட்டை ஜெயமுருகனே வந்து உழுது கொடுத்துவிட்டான். நல்லவன்தான், இருந்தாலும் டீசல் டேங்கைத் திறந்து பார்த்துக்கொண்டேன். பூண்டு ஊன்றியாகிவிட்டது. நீ லீவு போட்டு ஓடி வராதே, பொங்கலுக்கு வந்தால் போதும். இதெல்லாம் உனக்குத் தெரியும் என்று போனில் காட்டிக்கொள்ளாதே, அவராகச் சொல்லட்டும். நீயும் அந்தப் பக்கம் எதையும் ஒளிக்காதே. நல்லாருக்கேம்மா என்று நீ சொல்கிற குரல் அப்படியே உன் அப்பா குரல் மாதிரி இருக்கிறது, எனக்கு அதிலும் சந்தேகம்தான். ராத்திரி படுக்கும் முன்னால் உன் காலையும் ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொள்.

ஒன்றே ஒன்று நீ செய்ய வேண்டும். கால் மரத்தவர்கள் போடுகிற மெத்தென்ற செருப்பு இருக்கிறதாம், பின்னால் வார் வைத்தது. நான் வாங்கிக் கொடுத்தால் போட மாட்டார். பூண்டுக் காட்டுக்குள்ள செருப்போட கால் வைக்க மாட்டேன், அது சாமி என்று இத்தனை வருஷம் சொன்னவர். ஆனால் நீ அனுப்பினது என்றால், சட்டையோ சால்வையோ, ஊரெல்லாம் காட்டிவிட்டுத்தான் கழற்றுவார். நீ வாங்கி அனுப்பு, வெரசா அனுப்பு. முருகன் உனக்குத் தீர்க்காயுசும் நிறைந்த வாழ்வும் கொடுக்கட்டும். டயர் அளவு எழுதி வைத்த தாளை இதோடு வைத்திருக்கிறேன். கோட்டையும் பதினெட்டையும் அடித்துவிட்டேன். எட்டை மட்டும் எடுத்துக்கொள், அதுதான் உன் அப்பாவின் கால் அளவு.

இப்படிக்கு,
உன் அம்மா
ம. காளியாயி