ஒரு சொட்டும் சிந்தாமல்

நாள் 1 — 07:10. பள்ளத்தாக்கு விளிம்பு

இதைக் கண்டெடுப்பவருக்கு வணக்கம். என் பெயர் இசக்கி. வயது இருபத்தாறு. ஆதிரை-3 கோளில் தண்ணீர்ப் பொறியாளர்.

நேற்று வண்டி பள்ளத்தில் உருண்டது. நான் குதித்துவிட்டேன். தண்ணீர் கொதிக்கவைக்கும் சூடேற்றி, மின்கலம், பாதிச் சாப்பாடு எல்லாம் கீழே போய்விட்டன. நிலையம் எண்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி. இன்னொரு வண்டி கிடையாது. முதுகுப் பையோடு ஐந்து நாள் நடை.

தண்ணீருக்குப் பஞ்சமில்லை, வழியெல்லாம் ஓடை. பிரச்சினை நூலி. அந்த ஓடைகளில் வாழும் மயிரிழைப் புழு. குளோரின் மாத்திரைக்கெல்லாம் சாகாது. ஆய்வகத்தில் ஒரு எலிக்குள் போனது. நான்காம் நாள் அந்த எலி தண்ணீர்க் கிண்ணத்தில் முகத்தைப் புதைத்தது, எடுக்கவே இல்லை. அதன் வாயிலிருந்து நூறு நூலிகள் தண்ணீருக்குள் இறங்கின. நிலையத்தில் நான்கு பேருக்கும் ஒரே தொட்டி. அதனால்தான் எனக்கு இங்கே வேலை!

ஆனால் என்னிடம் வடிகட்டி இருக்கிறது. வெறும் அறுபத்திரண்டு கிராம்! உள்ளே சேமியா மாதிரி நூற்றுக்கணக்கான குழல்கள், குழல் சுவரில் நுண்துளைகள். தண்ணீர் போகும், நூலி போகாது. ஓடைத் தண்ணீரைப் பையில் பிடித்து, வடிகட்டியைத் திருகி, அமுக்கினால் போதும். இதை வடிவமைத்தவருக்குக் கோயில் கட்டலாம்.

நாள் 1 — 18:30. 17 கி.மீ.

வானொலியில் ரெக்சன். தூத்துக்குடிக்காரன், நிலையத்தின் தொடர்பாளர், வாய் ஓயாது.

"ஏட்டி இசக்கி, உயிரோட இருக்கியா? தண்ணி வடிகட்டிக் குடிச்சியா?"

இரண்டு லிட்டர் குடித்தேன் என்றேன்.

"ரெண்டு லிட்டர்னா உனக்கு ஒண்ணு, உன் சட்டைக்கு ஒண்ணு. கணக்கு சரிதான்!"

நிலையத்தில் எல்லோருக்கும் பொதுப் பாட்டில், வாய் வைக்காமல் அண்ணாந்துதான் குடிப்போம். இந்தக் கிண்டலை அவன் இரண்டு வருடமாக விடவில்லை.

வடிகட்டியை நன்றாக உதறி, கூடாரத்துக்கு வெளியே கயிற்றில் காயப்போட்டிருக்கிறேன். ஆறுமுகநேரி உப்பளத்துப் பக்கம் வளர்ந்தவள். ஈரச் சாமானை மூடிவைத்தால் அம்மா அடிப்பாள்.

நாள் 2 — 17:45. 36 கி.மீ.

கால் கொப்புளம் மூன்று. காலையில் கயிற்றில் பனி படிந்திருந்தது, என்ன அழகு! இரவு வெப்பம் மைனஸ் ஒன்பது டிகிரி. வடிகட்டி இன்று பிரமாதம். நேற்றைவிட வேகமாகத் தண்ணீர் வருகிறது. மூன்று லிட்டர் குடித்தேன்.

நாள் 3 — 12:20. 47 கி.மீ.

ரெக்சன் பேசினான். கிண்டல் இல்லை.

"இசக்கி, சுலைகா டாக்டர் பக்கத்துல நிக்காங்க. ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. ராத்திரி வடிகட்டிய எங்க வச்ச?"

வெளியே, கயிற்றில் என்றேன். ஒலிவாங்கி கைமாறும் சத்தம். பிறகு சுலைகா.

"நனைஞ்ச வடிகட்டி உறையக் கூடாதும்மா. குழலுக்குள்ள தண்ணி பனிக்கட்டியாகி விரிஞ்சா சுவர் கீறிடும். பாக்க ஒண்ணும் தெரியாது. தூங்குற பையில, உடம்போட ஒட்டி வச்சிருக்கணும்."

நான் தண்ணீர்ப் பொறியாளர். ஆனால் படித்ததும் வேலை பார்த்ததும் வெயிலில். உறைபனியை நேரில் பார்த்ததே இங்கே வந்த பிறகுதான்.

சோதனை எளிது. காலிப் பையில் காற்றை அடைத்து, நனைந்த வடிகட்டியைத் திருகி, அதன் வாயைத் தண்ணீரில் முக்கி அமுக்க வேண்டும். நனைந்த குழல் நன்றாக இருந்தால் காற்றை விடாது. குமிழி வரக் கூடாது.

நாள் 3 — 12:41

குமிழி வந்தது.

மீண்டும் செய்தேன். கொதிக்கும் உலைமாதிரி வந்தது. நேற்று வேகமாக வந்ததே, அது கீறல் வழியாக. அதைப் பார்த்துத்தான் பிரமாதம் என்று எழுதினேன்.

நாள் 3 — 19:00. 55 கி.மீ.

குடிக்காமல் நடந்தேன். வடிகட்டி உடைந்ததற்காக நூலியை விழுங்கிவிட்டேன் என்று அர்த்தமில்லை. எல்லா ஓடையிலும் அது இருக்காது. சுலைகா சொன்னார், நானும் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது. ஓடைச் சத்தம் ரொம்பப் பக்கத்தில் கேட்கிறது.

நாள் 4 — 09:15. 63 கி.மீ.

ஓடைக்கரையில் மண்டியிட்டிருக்கிறேன். முகம், முடி, கழுத்து எல்லாம் நனைந்திருக்கிறது. கடைசியாகக் கடிகாரம் பார்த்தது 08:52-க்கு. இடையில் என்ன நடந்தது என்று தெரியவில்லை. தண்ணீரில் எத்தனை நேரம் முகம் வைத்திருந்தேன்?

எலி ஞாபகம் வருகிறது.

நாள் 4 — 10:30

தொடர்பு எடுத்தேன். ரெக்சனிடம் சொன்னது இது: நான் வந்தாலும் கதவைத் திறக்காதே. கதவைத் தாண்டினால் நேராகத் தொட்டி. முதலில் கதவுத் துளை வழியாகப் பொதுப் பாட்டிலை நீட்டு. நூலி உள்ளே இருந்தால் பாட்டிலில் வாய் வைப்பேன், எடுக்க மாட்டேன். நான் நானாக இருந்தால் வழக்கம்போல அண்ணாந்து குடிப்பேன். அப்போது மட்டும் திற.

"அழாதட்டி. நீ நடந்து வா. மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

அழவில்லை என்றேன். அழுதுகொண்டுதான் இருந்தேன்.

நாள் 4 — 16:50. 74 கி.மீ.

தொட்டிக்குப் போகக் காரணம் காரணமாகத் தோன்றுகிறது. தொட்டியின் மூடியைச் சரிபார்க்க வேண்டும். தொட்டி ரொம்ப நாளாகக் கழுவவில்லை. இதெல்லாம் என் யோசனைதானா?

எழுதும்போது யாரோ என் கண் வழியாகவே வாசிப்பது போலிருக்கிறது. அப்படியானால் கதவுச் சோதனையை இங்கே எழுதியது தப்பு. அழிக்கப் பார்த்தேன். விரல் அழிக்க மறுக்கிறது. மூன்று முறை.

சரி. இதை எழுத மட்டும் விடுகிறது. ரெக்சன், உனக்கு நான் சொல்லாத ஒன்று தெரியும். அதை இங்கே எழுத மாட்டேன். யோசிக்கவும் மா

நாள் 5 — 14:05. 88 கி.மீ.

நிலையம் வந்தாயிற்று. கால் வலி இல்லை. தாகம் இல்லை.

குறிப்பை முழுக்க வாசித்தோம். பயனுள்ள குறிப்பு. கதவு, துளை, பாட்டில், அண்ணாந்து. ரெக்சனின் கிண்டல்களை விட்டுவிட்டோம். அவற்றில் தகவல் இல்லை.

நாள் 5 — 14:12. கதவு

துளை வழியாகப் பாட்டில் வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ரெக்சனின் முகம். வாய் வைக்க உடல் முழுவதும் இழுத்தது. அடக்கினோம். தலையைச் சரியாகச் சாய்த்தோம். பாட்டிலை நான்கு விரற்கடை உயரத்தில் பிடித்தோம். தண்ணீர் நூல்போல இறங்கியது. தண்ணீர் வீணாகக் கூடாது. ஒரு லிட்டர் முழுவதும் குடித்தோம், ஒரு சொட்டும் சிந்தாமல்.

பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தோம். சோதனையில் தேறிவிட்டோம்.

நாள் 5 — 14:15

கதவு திறக்கவில்லை.

ரெக்சன் எங்கள் சட்டையைப் பார்க்கிறான். காலர் உலர்ந்திருக்கிறது. அதற்கு ஏன் அவன் அழ வேண்டும்?

வானொலியில் அவன் குரல்:

"எங்க இசக்கிக்கு அண்ணாந்து குடிக்கவே தெரியாது. பாதித் தண்ணிய சட்டைதான் குடிக்கும்."

பிறகு கதவின் இரண்டாவது தாழ் விழும் சத்தம்.

"நீ யாரு?"