கறுப்பு டேப்பும் ஆயில் விளக்கும்

அன்பு மகன் ரெய்னோவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கை சோன்யாவும் உயிரோடு இருக்கிறோம், அதுவே இந்த வாரத்துக்குப் போதும். நீயும் என் மருமகள் கார்லாவும் அந்த அலாஸ்கா குளிரில் சுகமாக இருக்க வேண்டும். இடது கையால் எழுதுகிறேன், கோணல்மாணலாக இருந்தால் திட்டாதே. போனில் நீ போட்ட கூச்சலில் நான் சொன்னது பாதி உன் காதில் ஏறவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

சோன்யா இந்தக் குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமை சௌனா நீராவிக் குளியலுக்கு வரவே இல்லை. சளி என்றாள், வேலை என்றாள். நம் வீட்டுப் பெண் காய்ச்சலோடுகூட வந்து நீராவியில் உட்காருவாளே, துணியில்லாமல் உட்காரும் இடத்துக்கு வரப் பயந்தால் உடம்பில் எதையோ மறைக்கிறாள் என்றுதானே அர்த்தம்? நேரே அவள் வீட்டுக்குப் போய்ச் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். முதுகு முழுக்க பெல்ட் தடம், அவள் புருஷன் ட்ரென்ட் செய்த வேலை. ஒருமுறை தப்பி ஓடியிருக்கிறாள், சாலைச் சந்திப்பில் நிறுத்தியதும் கார் அணைந்துவிட்டது, பின்னாலேயே வந்து தலைமுடியைப் பிடித்து இழுத்துப்போய் மணிக்கட்டை முறித்திருக்கிறான். அந்தக் காரை அவன் வேண்டுமென்றேதான் சரி செய்யாமல் வைத்திருந்தான். டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரிந்ததற்கு அவன் பார்த்த வைத்தியம் நம் ஊர் ஆண்பிள்ளைகள் எல்லாரும் பார்ப்பதுதான், விளக்கின் மேல் ஒரு துண்டு கறுப்பு டேப். அகல டேப்பாக ஒட்டியதில் பக்கத்திலிருந்த, ஆயில் குறைந்தால் எரிகிற ஆயில் விளக்கும் சேர்ந்து மறைந்துபோனது.

அன்றைக்கே அந்தக் காரைக் கிளப்பச் சொல்லிச் சத்தத்தைக் கேட்டதுமே வால்வு டைமிங் சொலினாய்டுதான் என்று தெரிந்தது. வால்வு திறக்கிற நேரத்தை ஆயிலைக் கொண்டு மாற்றுகிற சாமான், விரல் நீளம்தான், கசடு அடைத்தால் வண்டி நிற்கும்போதெல்லாம் இருமி அணையும். புதியது ஒன்று வாங்கி வைத்தேன். சனிக்கிழமை அவன் வேலைக்குப் போனதும் சோன்யா தட்டுத்தடுமாறிக் காரை நம் கொட்டகைக்குக் கொண்டுவந்துவிட்டாள். இத மாட்டினதும் நேரா டுலூத்ல பெரியம்மா வீட்டுக்குப் போயிடுடி, வழியில எங்கயும் அணையாது என்றேன். வயரைக் கழற்றி, ஒரே ஒரு போல்ட்டை எடுத்து, முறுக்கி இழுத்ததும் பழையது கறுப்புக் கூழோடு வந்தது. புதியதன் ரப்பர் வளையத்துக்கு ஆயில் தடவிக்கொண்டிருக்கும்போது அவன் டிரக் வந்து நின்றது. குளிருக்கு நாமெல்லாம் செய்வதுபோல எஞ்சினை ஓடவிட்டே இறங்கினான், கையில் பனி அள்ளும் இரும்பு மண்வெட்டி.

யாரக் கேட்டுடி கெளம்புன, ஏ கெழவி, எங் காருல உனக்கென்ன வேல என்று கத்திக்கொண்டே வந்து சோன்யாவின் தலையைக் காரின் கதவில் மோதினான், மறுபடி மோதினான். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கையில் இருந்த ஸ்பேனரால் அவன் முழங்கையில் ஓங்கிப் போட்டேன், எலும்பில் பட்டது தெரிந்தது, சந்தோஷமாகவும் இருந்தது, உன்னிடம் மறைப்பானேன். அவளை விட்டுவிட்டு என்னிடம் திரும்பினான். மண்வெட்டியில் என் வலது தோள் எலும்பு போனது, அடுத்த வீச்சில் முன்பல் இரண்டு. அவன் வண்டி ஓடிட்டுதான்டி இருக்கு, எடுத்துட்டு ஓடு என்று வாயில் ரத்தத்தோடு கத்தினேன். ரத்தம் வழிகிற முகத்தோடு சோன்யா அவன் டிரக்கையே எடுத்துக்கொண்டு பறந்துவிட்டாள்.

அவன் என் வயிற்றில் ஒரு உதை விட்டுவிட்டு, அவள கொல்லாம விடமாட்டேன் என்று காரின் எஞ்சின் மூடியை அறைந்து சாத்தி, தன்னிடம் இருந்த சாவியைப் போட்டுக் கிளப்பினான். சொலினாய்டு என் உள்ளங்கையில் இருந்தது ரெய்னோ. எஞ்சினில் அது இருந்த இடம் வெறும் ஓட்டை. கிளப்பினால் ஆயில் முழுக்க அதன் வழியாகப் பீய்ச்சி அடிக்கும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. பற்களைத் துப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டு கிடந்தேன். ஆயில் விளக்கு கட்டாயம் எரிந்திருக்கும், அவன் டேப்புக்கு அடியில். பாலத்தருகே ஆயில் இல்லாமல் எஞ்சின் இறுகிப்போய்ப் பனிக்குவியலில் செருகி நின்றிருக்கிறான். பக்கத்து வீட்டு மார்த்தா போன் செய்து வரவழைத்த போலீஸ் போனபோதும் காரை உதைத்துக்கொண்டிருந்தானாம். இப்போது உள்ளே இருக்கிறான். சோன்யாவுக்கு நெற்றியில் தையல், நேற்று பெரியம்மா இறைச்சி அடைத்துச் சுட்ட பேஸ்டியை முழுசாகச் சாப்பிட்டாளாம்.

வந்து அவனைக் கொன்றுவிடுகிறேன் என்று போனில் கத்தினாய். உடனே ஏதோ உடைகிற சத்தமும், கார்லா ஐயோ என்றதும் கேட்டது. கிறிஸ்துமஸுக்கு வந்தபோது அவளும் சௌனாவுக்கு வரவில்லை. சளி என்றாள். நான் நம்பி மூலிகை டீ போட்டுக் கொடுத்தேன். அது சளிதானா என்று எனக்கு எழுது. பொய் எழுதாதே, விமான டிக்கெட் வாங்க எனக்குத் தெரியும், கார்லாவின் சட்டையைத் தூக்கிப் பார்க்கவும் தெரியும்.

கடவுள் உன் கையை அடக்கி, கார்லாவைக் காப்பாற்றட்டும். கம்பளிக் கையுறை அனுப்பியிருக்கிறேன், போட்டுக்கொள். உன் வண்டியிலும் டேப் ஒட்டியிருக்கிறாய், பார்த்தேன், அதையும் பிய்த்துவிடு.

உன்னைப் பெற்றவள்,
எல்மா